மூன்றாவது பெண்ணுக்குக் கவுதாரியின் பேர்

அந்தக் காலத்தில், பறவைக்கும் நரிக்கும் மனுஷருக்கும் ஒரே பாஷை இருந்தபோது, இஸ்ரவேல் ஜனங்கள் வனாந்தரத்தில் கூடாரம் போட்டுக் குடியிருந்தார்கள். வழி காட்டும் மேகம் எழும்பினால் மூட்டை கட்ட வேண்டும். அது நின்ற இடத்தில் மறுபடி கூடாரம் அடிக்க வேண்டும். அங்கே செலொப்பியாத் என்பவனின் மனைவி அத்தாராள், இரண்டு பெண்களுக்குப் பிறகு மூன்றாவதாகவும் ஒரு பெண்ணையே பெற்று மடியில் வைத்திருந்தாள்.

பிள்ளைக்குப் பெற்றவள்தான் பேர் சொல்ல வேண்டும். பாளையம், அதாவது கூடாரக் கூட்டம், கிளம்புவதற்குள் அவள் வாய் திறக்காவிட்டால், வீட்டுக்கு மூத்தவள் சொல்வதே பேர். அன்று காலையில் மேகம் அசைய ஆரம்பித்துவிட்டது!

"போதும்னு வச்சிடு," என்றாள் மாமியார், சட்டி பானைகளை உருட்டிக்கொண்டே. "அப்பவாவது அடுத்தது ஆம்பளையாப் பிறக்கட்டும்."

"அத்தை, ஆயுசு முழுக்க அவளைப் 'போதும், போதும்'னா கூப்பிடறது?"

"கூப்பிட்டா என்ன, தேய்ஞ்சா போயிடுவா? மூணு பெத்தவளுக்கு வாயைப் பாரு!"

செலொப்பியாத் கூடாரத்து முளையைப் பிடுங்குவதில் மும்முரமாக இருந்தான். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆண்பிள்ளைக்கு எப்போதும் எங்கேயாவது ஒரு முளை கிடைத்துவிடும். மூன்றும் பெண்ணாகப் பெற்ற தனக்கு என்ன பேச்சு என்று அத்தாராள் வாயை மூடிக்கொண்டு, பிள்ளையோடு கூடார வாசலில் போய் உட்கார்ந்தாள்.

அந்த நேரத்தில்தான் வெளியே, முட்புதர் ஓரத்தில் ஒரு நரி வந்து நின்றது.

புதரடியில் ஒரு கவுதாரி அடை காத்துக்கொண்டிருந்தது. அந்நாளில் கவுதாரிகள் மூச்சு விடாது. மண் நிறத்தில் மண்ணோடு மண்ணாகக் கிடப்பதுதான் அவற்றின் பிழைப்பு. வாய் திறந்தால் வானத்துப் பருந்துக்கு இடம் தெரிந்துவிடும் அல்லவா?

"உன் ஆம்பளையைப் போன வாரமே பருந்து தூக்கிட்டுப் போயிடுச்சு," என்றது நரி. "ஆணில்லாத புதர் ஆருக்கும் சொந்தமில்லை. எழுந்திரு. முட்டையை நான் பார்த்துக்கறேன்."

கவுதாரி அசையவில்லை. நரி முன்னங்காலைப் புதருக்குள் நீட்டியது. கூடார வாசலிலிருந்து அத்தாராள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஒரு பருந்து வட்டமடித்தது. கத்தினால் பருந்து, கத்தாவிட்டால் நரி.

கவுதாரி கத்திவிட்டது!

"என் மண்ணு! என் முட்டை! நான் இங்கதான் இருக்கேன், வந்து கேளுங்கடி!"

அப்பேர்ப்பட்ட குரலை வனாந்தரம் அதுவரை கேட்டதில்லை. கூடாரம் கூடாரமாகப் பெண்கள் வெளியே ஓடி வந்தார்கள். வானத்திலிருந்து விழும் மன்னாவை இடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையோடு வந்தாள், மாவு பிசைந்தவள் ஒட்டிய கையோடு வந்தாள். "எவன் அவன்?" என்று கேட்டுக்கொண்டே முதல் ஆளாக விறகுக் கட்டையை வீசியது யார் தெரியுமா? மாமியார்! நரி வாலைச் சுருட்டிக்கொண்டு பறந்தது. இத்தனை தலைகளைக் கண்டு பருந்தும் ஒதுங்கிப் போனது.

மூச்சு வாங்கத் திரும்பி வந்த மாமியார், "பொட்டைக் கவுதாரிக்கு என்ன துணிச்சல்டி!" என்றாள்.

அத்தாராள் எழுந்து நின்றாள். பாளையம் நகர எக்காளம் ஊதப் போகிற சமயம்.

"அத்தை, என் பொண்ணு பேர் ஒக்லாள்," என்றாள், எல்லாருக்கும் கேட்க. ஒக்லாள் என்றால் அந்தக் காலத்துப் பாஷையில் கவுதாரி.

மாமியாருக்கு மறுப்பு வாய் வரை வந்தது. சற்று முன் தான் மெச்சியதையே எப்படி மறுப்பது? மென்று விழுங்கிவிட்டாள். எக்காளம் ஊதியது. பேர் நின்றது.

ஒக்லாளுக்குப் பின் இன்னும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். ஆண் வாரிசில்லாமல் செலொப்பியாத் இறந்ததும், ஐந்து பேரும் சபையார் எல்லாருக்கும் முன்னால் போய் நின்று, போய்ச் சேரும் தேசத்தில் அப்பாவின் பங்கு நிலம் எங்கே என்று சத்தமாகவே கேட்டார்கள். வாங்கிக்கொண்டும் வந்தார்கள்.

கவுதாரியும் திரும்ப ஊமையாகவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மண்ணோடு ஒட்டிக்கொண்டே, பொழுது விடிந்தால் காடு அதிர 'இங்கேதான் இருக்கிறேன்' என்று அது கத்துகிறதே, அன்று முதல்தான்.