நீலியின் பெயர்

முதலில் உடும்பு கரையான் புற்றின் நிழலைப் பிடித்துக்கொண்டது. காடு பேசாமல் இருந்தது. அடுத்து, கௌதாரி இட்ட முட்டைகளைத் தின்றது. காடு அப்போதும் பேசவில்லை. மூன்றாவதாக, குளக்கரையில் பட்டுப்போன வேப்பமரத்தில் ஏறி, வெயில் காய இனி இது என் இடம் என்றது.

அந்த மரத்தைத் துளைத்து நீலி என்ற கருவண்டு குடியிருந்தது. மற்ற வண்டுகள் உடும்புக்குப் பயந்து எப்போதோ போய்விட்டன. துளைக்குள் பிள்ளைகள் இருந்ததால் நீலி மட்டும் போகவில்லை.

நீலி கூட்டம் கூட்டியது. முயலும் மானும் கௌதாரியும் வந்தன. மூன்றும் உடும்பின் வால் எட்டாத தூரத்தில் உட்கார்ந்தன. நீலியின் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

"அடி பொடிச்சி, என் நகத்து அழுக்கு அளவுகூட நீ இல்லை. உனக்கு ஒரு மரமா?" என்றது உடும்பு.

"உடம்பு சிறிதுதான் அண்ணா. என் வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்."

அருகில் ஆவாரஞ்செடி பூத்திருந்தது. நீலி ஒரு பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்தது. உள்ளே ஒளிந்திருந்த மகரந்தம் பொலபொலவென்று கொட்டியது. இந்த அதிர்வு இல்லாவிட்டால் ஆவாரை காய்க்காது என்றது நீலி.

"அதிர்வுதானே?" உடும்பு வாலால் செடியை ஓர் அடி அடித்தது. பூக்களெல்லாம் மண்ணில் உதிர்ந்தன. முயல் அந்தப் பலத்தைப் பார்த்து வியந்தது. மானும் தலையாட்டியது.

கௌதாரிக்கு உண்மை தெரியும். ஆவாரை விதை தின்று வளர்ந்த பறவை அது. ஆனால் உடும்பின் கண் தன்மேல் பட்டதும் தலையைக் குனிந்துகொண்டது. மரம் உடும்புக்கே என்று தீர்ப்பானது.

உடும்பு அன்றே மரத்தைக் கீறிப் பிளந்து, உள்ளே இருந்த பிள்ளைகளையும் தின்றது. நீலி அந்தப் பிளவைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. அதன் ரீங்காரம் எல்லாருக்கும் கேட்டது. யாரும் வெளியே வரவில்லை. மறுநாள் ரீங்காரமும் கேட்கவில்லை.

அடுத்த பருவத்தில் ஆவாரை காடெங்கும் மஞ்சளாகப் பூத்தது. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. கௌதாரிக் குஞ்சுகள் விதையின்றிச் செத்தன. முட்டை கிடைக்காத உடும்பு வேறு காட்டுக்குப் போனது.

கூட்டம் மறுபடி கூடியது. கௌதாரி வேப்பமரத்தின் மிச்சத்தில் ஏறி நின்றது. முயலும் மானும் சாட்சியாக, "நீலி" என்று உரக்க அழைத்தது. வெகுநேரம் காத்திருந்தது. பிறகு இறங்கிவிட்டது.

அநியாயம் நடக்கும் நாளில் வாய் திறக்காதவர்கள், பின்னால் எவ்வளவு உரக்க அழைத்தாலும் போனவர் வரமாட்டார்.