ஈரக் கொண்டையில் கனகாம்பரக் காய்

ஒரே ஒரு ஊர்ல மூக்காயின்னு ஒருத்தி இருந்தா. ஒண்டிக்கட்டை. அந்த ஊரு ராஜா ஒரு கிறுக்கன். "மாசி மாசம் ராணி ஊரைச் சுத்தி வருவா, எந்த வீட்டுல பூச்செடி இல்லையோ அந்த வீட்டுக்காரங்க ஊரை விட்டே போகணும்"னு தண்டோரா போட்டுட்டான்.

மூக்காயி என்ன பண்ணா, காட்டோரத்துல தானா முளைச்ச கனகாம்பரத்தைக் கொண்டாந்து கொல்லையில வச்சு, பாத்திரம் கழுவுன தண்ணியை ஊத்துனா. அதுபாட்டுக்கு வளந்து பூத்துச்சு. பக்கத்து வீட்டு சிட்டம்மா இருக்காளே, பெருமைக்காரி. "போயும் போயும் வாசனையில்லாத பூவா?"ன்னு சிரிச்சுட்டு, எங்கேயோ குளுந்த தேசத்துலேருந்து மூணு செடி வரவழைச்சா. ஒண்ணு வெயில்ல கருகுச்சு, ஒண்ணைப் பூச்சி தின்னுச்சு, ஒண்ணு துளிர்க்கவே இல்லை.

ராணி வர்ற அன்னைக்கு விடியக்காலையில மூக்காயியோட செடியை வேரோட பிடுங்கித் தன் கொல்லையில நட்டுட்டா சிட்டம்மா. அதுல இருந்த காய்ஞ்ச காயையும் விடலை, உருவி எடுத்துக்கிட்டா. அவ்வளவு பேராசை! அப்புறம் தலை முழுகிட்டு நிக்கிறா, வாசல்ல சேவகன். மூக்காயி ராஜாகிட்ட பிராது குடுத்துட்டா. காயை எங்கே ஒளிக்கிறது? ஈரத் தலையை அள்ளி முடிஞ்சு, கொண்டைக்குள்ள திணிச்சுக்கிட்டுப் போனா.

"செடி யாருது?"ன்னான் ராஜா.

"என்னுது மகாராஜா, பெத்த புள்ளையாட்டம் வளத்தேன்"னா சிட்டம்மா.

கொண்டையில 'பட்'டுன்னுச்சு.

"என்ன சத்தம்?"

"பல்லி, மகாராஜா."

மறுபடி 'பட்'.

"இப்போ?"

"கழுத்துல நெட்டி முறிஞ்சுது, மகாராஜா."

அப்புறம் பாருங்க, 'படபடபட'ன்னு வெடிச்சு, அதுல ஒரு விதை பறந்து போயி ராஜா மூக்குலயே அடிச்சுது.

"பேன், மகாராஜா! பெரிய பேன்!"

சிரிக்காம கேளுங்க. மூக்காயி சொன்னா: "ஈரம் பட்டா இந்தக் காய் வெடிக்கும், மகாராஜா. வளத்தவ இதை ஈரத் தலையில வப்பாளா?"

ராஜாவுக்குப் புரிஞ்சுபோச்சு. "மூக்காயி, உன் வீடு உனக்கு. சிட்டம்மா, நீ ஊரை விட்டுக் கிளம்பு"ன்னான்.

"அவ போயிட்டா வாடிக் கெடக்குற என் செடிக்கு யாரு பதில் சொல்றது?"ன்னு கேட்டா மூக்காயி. "அது மறுபடி பூக்குற வரைக்கும் அவளே தண்ணி சுமக்கட்டும்."

"சரி, ஆனி முடியறதுக்குள்ள பூக்கலைன்னா ரெண்டாம் பேச்சு இல்லை, போயிடணும்"னுட்டான் ராஜா.

சிட்டம்மா சித்திரை வெயில்ல குடம் குடமா சுமந்தா. இடுப்பு ஒடிஞ்சுது. தினமும் செடி முன்னாடி குந்திக்கிட்டு, "பூத்துடு தாயீ, பூத்துடு தாயீ"ன்னு கெஞ்சினா. ஆனி கடைசியில ஒத்தைப் பூ பூத்துச்சு. பாத்துட்டு ஓன்னு அழுதுட்டா.

கதை முடிஞ்சுது, கனகாம்பரம் பூத்துது.