செருந்திக்கு எதிரான மூன்று உண்மைகள்

செருந்தி மேல் யாரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் அவளை ஊரை விட்டுத் துரத்தினார்கள். அதெப்படி என்கிறீர்களா? கேளுங்கள்.

ராஜாவுக்கு வரியும் ஏரிக்குக் காவலும் தவறாத காலத்தில், நெடுங்கரை என்று ஓர் ஊர். அந்த ஊர்ச் சபையில் சாட்சி சொல்பவன் கண்ணால் கண்டதை மட்டும்தான் சொல்ல வேண்டும். நினைத்ததைச் சொல்லக் கூடாது. ஏரிக் காவலன் வேம்பன் அதில் கெட்டிக்காரன்.

ஓர் ஐப்பசியில் ஏரிக்கரை உடைந்து, நட்ட வயலெல்லாம் போயிற்று. சபை கூடியது. வேம்பன் எழுந்தான்.

"செருந்தி மண்வெட்டியோடு கரைக்கு வந்தாள். கரை உடைந்தது. செருந்தி ஓடினாள்."

மூன்றும் கண்டது. மூன்றும் உண்மை.

"மண்வெட்டியோட போனவ கரையை வெட்டாம மாவா இடிப்பா?" என்றான் ஒருவன். சபை சிரித்தது. செருந்தி வாய் திறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

வேம்பன் தலை நிமிரவில்லை. கரையில் ஒரு நண்டு வளை வழியாக நீர் கசிவதை அவன் மூன்று நாளாகப் பார்த்திருந்தான், அடைக்கவில்லை. அதை அடைக்கத்தான் அவள் மண்வெட்டியோடு வந்தாள். பள்ளத்துக் குடிசைகளை எச்சரிக்கத்தான் ஓடினாள். ஆனால் அதை யாரும் அவனைக் கேட்கவில்லையே! அந்தக் 'கேட்கவில்லையே' மூன்று வருஷம் அவனைத் தின்றது.

நான்காம் வருஷ மழையில் கரை மறுபடி கசிந்தது. உழவன் பார்த்தான், போய்விட்டான். இடையன் பார்த்தான், போய்விட்டான். தண்ணீருக்கு வந்தவள் பார்த்தாள், குடத்தோடு திரும்பிவிட்டாள். மண்வெட்டியோடு அங்கே போய் நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்? கரை உடைந்தது.

சபையில் வேம்பன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினான். தலைவர் குதித்தார்: "பாவி! அவதான் உடைச்சான்னு அன்னிக்குச் சொன்னியே!"

"நான் சொல்லலையே ஐயா. நீங்க அப்படித்தான் எடுத்துக்குவீங்கன்னு தெரியும். அதான் அத்தோட நிறுத்திக்கிட்டேன்."

அயலூர் வயலில் களை பறித்துக்கொண்டிருந்த செருந்தியின் முன் இருவரும் போய் நின்றார்கள். "வந்துடு தாயே. இவன் சொன்னதை நம்பி..." என்று இழுத்தார் தலைவர்.

செருந்தி கைச்சேற்றை வழித்துப் போட்டாள்.

"அவர் சொன்னது மூணும் உண்மைங்க ஐயா. சொல்லாததை நம்பித்தானே என்னைத் துரத்தினீங்க? நான் வரலை. சபையில போய்ச் சொல்லுங்க: ஒருத்தர் சொல்லாம விட்டதை விசாரிக்காம நாமளே நிரப்பிக்கிட்டா, அந்தப் பாவம் விட்டவருக்கும் உண்டு, நிரப்பினவருக்கும் உண்டு."