மூன்றாவது கல்

காட்டுக் குளத்தில் கரடி ஓர் ஆட்டம் அமைத்திருந்தது. இக்கரையிலிருந்து கல் கல்லாகத் தாவி, நடுவில் தொங்கும் கொடியைப் பிடித்து ஊசலாடி, அக்கரை சேர வேண்டும். கல் புரட்டிப் புரட்டிக் கரடியின் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது.

ஆட்டம் முடியும் அக்கரையில், நாவல் மரத்தடியில் கரடி உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து பார்த்தால் இக்கரையைப் புதர்கள் மறைக்கும். வந்து சேருகிறவர்களிடம், "எப்படி இருக்கு? என்ன மாத்தலாம்?" என்று கேட்கும். கேட்டதை உடனே செய்து கொடுக்கும். ஆனால், முழுதும் ஆடி முடித்தவர் மட்டுமே வந்து பேசலாம். அது கரடி வகுத்த விதி.

"பிரமாதம் அண்ணே! கொடியை இன்னும் உசத்திக் கட்டுங்க!" என்றது மந்தி. கரடி உயர்த்திக் கட்டியது.

"ஜெயிச்சு வந்தா வாய்க்கு ருசியா ஒண்ணுமில்லையே!" என்றது மலையணில். கரடி தேனடை தேடிப் புறப்பட்டது.

ஆனாலும் அதன் மனசு ஆறவில்லை. போகும்முன் நின்று கேட்டது: "குறையே இல்லையா? முயல்களைக் காணோமே?"

"அதுங்களுக்கு விளையாட்டுல எங்க ஆசை! உங்களுக்குச் சந்தேகப் புத்தி அண்ணே!" என்று மந்தி சிரித்தது.

தேனடையை மரத்தில் மாட்டிவிட்டு, எல்லோரையும் அழைக்கக் கரடி குளத்தைச் சுற்றி இக்கரைக்கு வந்தது. புதரைத் தாண்டியதும் அதன் கால்கள் நின்றுவிட்டன.

கரையெங்கும் முயல்கள். ஒன்றுக்குக் கால் வீங்கியிருந்தது. இன்னொன்றுக்கு மூக்கில் ரத்தம். அதே நொடியில் ஒரு முயல்குட்டி மூன்றாவது கல்லில் தாவியது. கல் புரண்டது! குட்டி தண்ணீருக்குள் மறைந்தது!

கரடி பாய்ந்து அள்ளி வந்தது. குட்டியிடம் மூச்சில்லை. கவிழ்த்துப் பிடித்து முதுகைத் தட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் குட்டி இருமியது.

"இந்தக் கல் எப்பயிருந்து புரளுது?" என்று கேட்டது கரடி.

"முதல்லயிருந்தே!" என்றது தாய் முயல். "மந்தி ஒரே எட்டுல அதைத் தாண்டிப் போயிடும். நாங்க மிதிச்சுத்தானே ஆகணும்!"

"எங்கிட்ட ஏன் யாருமே சொல்லல?"

"ஆடி முடிச்சவங்கதான் பேசணும்னு சொன்னது நீங்கதானே! முடிக்க முடிஞ்சா நாங்க எதுக்குக் குறை சொல்லப்போறோம்?"

கரடி காய்த்துப்போன தன் கையைப் பார்த்தது. இந்தக் கைதான் அந்தக் கல்லை வைத்தது. கொடியை உயர்த்திக்கொண்டிருந்தபோதெல்லாம் இங்கே யாரோ விழுந்துகொண்டிருந்தார்கள்!

"அண்ணே! தேனடை காலி! அடுத்து என்ன புதுசு?" அக்கரையிலிருந்து மந்தி கூவியது.

கரடி திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, மூன்றாவது கல்லுக்கு அடியில் கையைக் கொடுத்து, அதைப் புரளாமல் பதித்தது. அன்றுமுதல் அது உட்கார்ந்தது இக்கரையில்தான்.

வென்றவரின் பாராட்டு நம்மைத் தேடி வரும். விழுந்தவரின் குறையை நாம்தான் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.