ஏழு குடுக்கை தண்ணீர்

ஒரு மலைச்சரிவில் பேரி மரம் ஒன்றும் ஆர்க்கிட் செடி ஒன்றும் இருந்தன. இரண்டையும் அங்காயி என்ற கருமந்தி வளர்த்து வந்தாள்.

போன கோடையில் காட்டுத்தீ வந்து அந்தச் சரிவையே மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தது. காய்க்கக்கூடிய பழ மரம் என்று மிஞ்சியது அந்தப் பேரி ஒன்றுதான். பூச்செடி என்று மிஞ்சியது, பாதி கருகிய நாவல் மரத்தின் கவட்டில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த ஆர்க்கிட்தான்.

மந்திக் கூட்டத்துக்குத் தலைவன் தாட்டான். பதினொரு வயிற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவன். அவன் அங்காயியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

"இந்தா பாரு அங்காயி! பல்லுப் போன கிழவனும் பால் குடுக்கிறவளும் நம்ம கூட்டத்துல இருக்காங்க. வர்ற ஆடிக்குள்ள பேரி காய்ச்சா இங்கேயே இருப்போம். இல்லேன்னா பள்ளத்தைத் தாண்டி எதிர்மலைக்குப் போயிடுவோம்!"

"நான் எப்படித் தாண்டுவேன் அண்ணே?"

தாட்டான் அவள் காலைப் பார்த்தான். தீயில் வெந்த பின்னங்கால் அது. நொண்டலாம், தாவ முடியாது. அவன் திரும்பி நடந்துவிட்டான். கூட்டம் கிளம்பினால் தான் மட்டும் தனியாக இங்கே கிடந்து சாக வேண்டியதுதான் என்று அங்காயிக்குப் புரிந்தது.

அன்று முதல் அவளுக்கு ஓய்வில்லை. சுரைக்குடுக்கையோடு கீழே ஊற்றுக்கு இறங்குவாள். மொண்டு கொண்டு, நொண்டி நொண்டி ஏறுவாள். பேரிக்கு நாளைக்கு ஏழு குடுக்கை தண்ணீர். வேரடியில் காட்டுமாட்டுச் சாணி. ஆர்க்கிட்டுக்கு ஒரு கைத் தண்ணீர் தெளிப்பதோடு சரி. அதற்கே அது பச்சைப் பசேலென்று இலை விட்டது.

இப்படியே விட்டிருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்க எங்கேயும் ஓர் ஆள் இருக்குமே! இங்கே அது மினுக்கி என்ற மைனா.

"ஏன் அங்காயி, நீயெல்லாம் ஒரு வளர்க்கிறவளா? ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா! பேரிக்கு ஏழு குடுக்கை, பூச்செடிக்கு ஒரு கைத்தண்ணியா?"

"அதுக்கு அது போதும்டி."

"போதும்னு நீ சொன்னா ஆச்சா? வேரு மண்ணையே தொடாம அந்தரத்துல நிக்குது. பாவம், கேக்க நாதியில்லாத பிள்ளை!"

மறுநாளும் வந்தது. இந்த முறை வேறு பாட்டு.

"பூச்செடி நிழல்ல சொகுசா இருக்கு. பேரிய மட்டும் பொட்ட வெயில்ல நிறுத்தியிருக்கியே! இலையெல்லாம் கொட்டிப் போச்சு பாரு. ஓரவஞ்சனை! ஓரவஞ்சனை!"

பனிக்காலத்தில் பேரி இலை கொட்டுவது வருஷா வருஷம் நடப்பதுதான். அங்காயிக்கும் அது தெரியும். ஆனால் ஓரவஞ்சனை என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் வளர்க்கிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்து போகும்.

அங்காயி யோசிக்கவே இல்லை. ஆர்க்கிட்டைக் கவட்டிலிருந்து பிய்த்தெடுத்தாள். பேரிக்குப் பக்கத்திலேயே குழி தோண்டி நட்டாள். அதற்கும் சாணி, அதற்கும் ஏழு குடுக்கை. பிறகு இரண்டுக்கும் மேலே பெரணித் தழையால் பந்தல் போட்டாள். தெற்கே நீண்ட ஒரு பேரிக் கிளைக்கு மட்டும் தழை எட்டவில்லை. நாளைக்குப் போடலாம் என்று விட்டாள். மறுநாள் அசதியில் அது மறந்தே போனது.

"இப்பத்தான் நீதி!" என்று சொல்லிவிட்டு மைனா பழம் தின்ன எதிர்மலைக்குப் பறந்து போனது. தண்ணீர் சுமக்க அது வரவில்லை.

ஏழு குடுக்கை பதினாலு ஆனது. இறங்குவாள், ஏறுவாள், மறுபடி இறங்குவாள். வெந்த கால் வீங்கியது. பாதி வழியில் பாறைமேல் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனம் வராது. 'இரண்டுக்கும் சமமாகச் செய்கிறேன், யாரும் ஒரு குறை சொல்ல முடியாது' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு எழுந்து நடப்பாள்.

மாசி பிறந்தது. பந்தலுக்கடியில் பேரியின் மொட்டுகள் வெளிறி உதிர்ந்தன. ஆர்க்கிட்டின் இலைகள் மஞ்சளாகி, அடித்தண்டு கறுத்து, அழுகல் நாற்றம் அடித்தது. தண்ணீர் போதவில்லையோ என்று அங்காயி இன்னும் ஒரு நடை போனாள். அந்த நடையில்தான் கால் வழுக்கி விழுந்தாள். குடுக்கை உருண்டு பாறையில் மோதி உடைந்தது.

அவள் வாய்விட்டு அழுதாள். தவழ்ந்து வந்து பந்தலடியில் சாய்ந்தாள்.

"இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு? என் உசுரா?"

அத்தனை நாளில் அவள் அவர்களிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"எனக்கு வெயில் வேணும்," என்றது பேரி. "தண்ணியும் எருவும் நீ குறை வைக்கல. ஆனா இருட்டுல நான் எப்படிப் பூப்பேன்? இலை கொட்டுனா நான் சாகப்போறேன்னு அர்த்தமா? தூங்குறேன், அவ்வளவுதான்!"

குழிக்குள்ளிருந்து ஆர்க்கிட்டின் குரல் மெதுவாக வந்தது. "என்னைத் தோண்டி எடுத்துடு. எனக்கு மண்ணு ஆகாது. என் வேரு காத்துல கிடந்து ஈரம் குடிக்கிற வேரு. மூச்சு முட்டுது அங்காயி."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா!"

"நீ எங்களைக் கேட்டாத்தானே! மைனாவையில்ல கேட்டுக்கிட்டிருந்த?" என்றது பேரி.

அங்காயி எழுந்தாள். பந்தலைப் பிய்த்து எறிந்தாள். ஆர்க்கிட்டைத் தோண்டினாள். உயிருள்ள வேர் மூன்றுதான் மிஞ்சியிருந்தது. அதைப் பேரியின் கவட்டிலேயே வைத்து நாரால் கட்டினாள். இனி இலை விட்டால் பேரியே அதற்கு நிழல் தரும்.

ஆனால் போன மொட்டு போனதுதான். பந்தலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தத் தெற்குக் கிளை மட்டும் பூத்தது.

ஆடி வந்தது. மழையில் சரிவெங்கும் தளிர் விட்டிருந்தது. கூட்டம் பேரியடியில் கூடியது. தாட்டான் கிளையை அண்ணாந்து பார்த்து எண்ணினான்.

"ஒம்பது பழம். நாம பதினோரு பேரு. ஆளுக்கு ஒண்ணுகூட வராது. கிளம்புங்க!"

"இருங்க அண்ணே!" அங்காயி குறுக்கே வந்து நின்றாள். "நான் பங்கு வைக்கிறேன். அதுக்கப்புறமும் இங்க வயித்துக்கு வழியில்லைன்னா போங்க. நான் தடுக்கல."

பல்லுப் போன கிழட்டுக் கடுவனுக்குக் கனிந்த பழம் நான்கு கொடுத்தாள். பால் கொடுப்பவளுக்கு நான்கு. நோயில் சுருண்டு கிடந்த குட்டிக்கு ஒன்று. மற்றவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். அவளும்தான்.

எங்கிருந்தோ மினுக்கி வந்து சேர்ந்தது. "அநியாயம்! ஓரவஞ்சனை! பார்த்தீங்களா இவ புத்தியை!"

ஓர் இளங்கடுவன் முன்னால் வந்தான். "ஆமா, எங்க பங்கு எங்க?"

"உனக்குப் பல்லு இருக்கு, காலு இருக்கு. சரிவு முழுக்கத் தளிரு கிடக்கு, போய்க் கடி! அந்தத் தளிரை இந்தப் பெரியவரு வாயில வெச்சா அவரு என்ன பண்ணுவாரு?"

இளங்கடுவன் தலையைச் சொறிந்தான். கிழவன் பழத்தைச் சப்பிச் சப்பித் தின்றுகொண்டிருந்தான். பழம் தின்றவளின் மடியில் அவளுடைய கைக்குட்டி பால் குடித்தது. தாட்டான் அதையெல்லாம் பார்த்தான். பள்ளத்துக்கு அப்பாலிருந்த எதிர்மலையையும் பார்த்தான். பிறகு பேரியடியில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். கூட்டமும் உட்கார்ந்தது.

அங்காயி வெந்த காலை நீட்டி மரத்தில் சாய்ந்தாள். தலைக்கு மேலே கவட்டில் ஆர்க்கிட் புதிதாக ஒரு வேர் விட்டிருந்தது.

மைனா விடவில்லை. "ஓரவஞ்சனை! ஓரவஞ்சனை!"

"ஆமாடி, ஓரவஞ்சனைதான். இப்ப என்னங்கிற?" என்று சொல்லிவிட்டு அங்காயி கண்ணை மூடினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாள்.

எல்லோருக்கும் ஒரே அளவாக அளந்து போடுவது நீதியாகாது. யாருக்கு என்ன வேண்டும் என்று அவரவரையே கேட்டுக் கொடுப்பதுதான் நீதி.