கரம்பைக்கு மூன்று சொந்தக்காரர்கள்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். தூரத்தில் இருந்தால் ஒரு சொல் காதில் விழும், ஒரு சொல் விழாது. விழாமல் போனதில்தான் விடை இருக்கும், அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது.

முள்ளாறு என்று ஓர் ஆறு. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அதன் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். கட்டின புதிதில் தண்ணீர் நின்றது. போகப் போக வெள்ளம் கொண்டுவந்த மண்தான் நின்றது. இப்போது பேருக்கு அணை. உள்ளே காய்ந்து வெடித்த மண், சுவரில் ஆள் கை நுழையும் கீறல். இனி வைத்திருந்தால் ஆபத்து, படிப்படியாக இடித்து ஆற்றைப் பழையபடி ஓடவிடலாம் என்று அரசாங்கத்தில் முடிவு செய்தார்கள். திட்டம் போட வந்தவர் ஜெபசெல்வி என்கிற பொறியாளர் அம்மா.

இடிக்கும் முன்னால் உள்ளே கிடக்கும் கரம்பையை அள்ளியாக வேண்டும் என்றார் அவர். கரம்பை என்றால் குளத்தில் படியுமே, அந்தக் கறுப்பு வண்டல். வயலில் அடித்தால் மூன்று பூ விளைச்சலுக்கு வேறு உரம் கேட்காது. ஆனால் அதை அப்படியே விட்டுச் சுவரை இடித்தால், முதல் வெள்ளத்தில் மொத்தமும் இறங்கிக் கீழே ஆற்றை மெழுகிவிடும். ஐப்பசி மழைக்குள் அள்ளாவிட்டால் வேலை அடுத்த வருஷத்துக்குப் போகும். அதுவரை சுவர் நிற்குமா என்று கேட்டதற்கு அந்த அம்மா சுவர்க் கீறலுக்குள் தன் கையை விட்டுக் காட்டினார்.

அணைக்கு மேலே மேலப்பாறை, அணையை ஒட்டி வாகைமேடு, கீழே கீழத்தாழை. கீழத்தாழைக்குப் பெரியவர் பலவேசம். அவர் ஊர் ஆற்றில் முன்னெல்லாம் ஒரு முழம் தோண்டினால் ஊற்று சுரக்கும். இப்போது எங்கே பார்த்தாலும் பாறை. பெண்கள் குடத்தோடு இரண்டு மைல் நடந்து வாகைமேட்டில் தண்ணீர் எடுக்கிறார்கள். போன கோடையில் ஏழு குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டது. அந்த ஏழில் ஒன்று பலவேசத்தின் மகள் குடும்பம். இன்னொரு கோடை இப்படிப் போனால் ஊர் என்று ஒன்று மிஞ்சாது என்பது அவருக்குத் தெரியும்.

கரம்பை யாருக்கு என்று கூட்டம் கூடியது. எங்கள் மேட்டுக் காட்டிலிருந்து கரைந்து போன மண், அதனால் எங்களுக்கே என்றார் மேலப்பாறை உலகநாதன். அணை முழுங்கின எங்கள் நிலத்தின்மேல்தானே படுத்துக் கிடக்கிறது என்றார் வாகைமேட்டு மாசானம். பலவேசமும் விடவில்லை: குறுக்கே சுவர் இல்லாவிட்டால் அது எங்கள் வயலுக்கு வந்திருக்கும், நாற்பது வருஷமாக மறித்து வைத்தது எங்கள் பங்கு.

“வயலுக்கா, கடலுக்கா?” என்று மாசானம் கேட்டார். கூட்டம் சிரித்தது. பலவேசம் சிரிக்கவில்லை.

மூன்று பேச்சிலும் நியாயம் இருந்தது, அதுதான் வம்பு. சரி, மூன்றாகப் பிரிக்கலாம் என்றால், தலைக்கட்டுப்படியா நிலத்தின்படியா என்று அடுத்த சண்டை. மூன்று கூட்டம் இப்படியே போய், புரட்டாசியும் பிறந்துவிட்டது.

நாலாவது கூட்டத்தன்று காலையில் ஜெபசெல்வி மண்ணைப் பார்க்க ஆள் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டச் சொன்னார். ஆண்கள் எல்லாரும் வெளியே குவித்த கரம்பையைச் சுற்றி நின்று, விரலால் நசுக்கி, மோந்து பார்த்து, “வெண்ணெய்” என்றார்கள். கரம்பை பார்க்கப் போகிறவன் மேல்மண்ணைத்தான் பார்ப்பான். அந்தப் பக்கத்துப் பழக்கம் அது. கீழத்தாழையில் ஊற்றுத் தோண்டுவதில் கைதேர்ந்தவள் பிரமாச்சி; தண்ணீர் என்று வந்தால் ஊர் அவள் பேச்சைத்தான் கேட்கும். அவள் ஒருத்திதான் குழிக்குள் இறங்கினாள். ஏறி வந்தபோது அவள் சேலைக் கரை நனைந்திருந்தது.

“உள்ள என்னளா தேடுத?” என்று கேட்டார் பலவேசம்.

“சும்மாதான் அண்ணாச்சி.”

கூட்டம் கூடியதும் பிரமாச்சி எழுந்தாள். “எங்க ஊருக்குக் கரம்பை வேண்டாம். நீங்க ரெண்டு ஊரும் பாதிப் பாதியா அள்ளிக்கிடுங்க. கரம்பை முடியுத இடத்தோட மண்வெட்டிய நிப்பாட்டிரணும், அவ்வளவுதான்.”

பலவேசம் துள்ளி எழுந்தார். “ஏளா, புத்தி கெட்டுப் போச்சா? ஊருக்கு நான் என்ன பதில் சொல்ல?”

“தண்ணி இல்லாத வயல்ல கரம்பைய அடிச்சு என்ன செய்யப் போறிய அண்ணாச்சி? பானையா வனையப் போறிய?”

உலகநாதனும் மாசானமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அடியில கெடக்கது எங்களுக்கு எதுக்கு அக்கா, அதுல புல்லுகூட மொளைக்காது” என்றார் மாசானம். ஒரு வெற்றிலை மென்று முடிக்கும் நேரத்தில் பேச்சு முடிந்தது. பலவேசம் வீடு போய்ச் சேரும்வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஊரின் பங்கைக் கடைசிவரை விடாமல் கேட்டவர் பலவேசம். மொத்தத்தையும் விட்டுக்கொடுத்தவள் பிரமாச்சி. இதில் கீழத்தாழைக்குச் சரியானதைச் செய்தது யார்?

விடை: பிரமாச்சிதான். குழியில் இடுப்பு உயரத்துக்குக் கரம்பை. அதற்கு அடியில் முழுக்க ஆற்று மணல், ஈரத்தோடு. அணை கட்டின முதல் வருஷங்களில் வந்து மாட்டிக்கொண்ட மணல் அது. வழக்கமாக வரும் மணல் வராமல் போனதால்தான் கீழத்தாழை ஆறு பாறையாகி ஊற்றும் செத்தது. பங்கு கேட்டு வாங்கியிருந்தால் அள்ளிப்போக அந்த ஊரில் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. அள்ளாமல் கிடப்பது மழையோடு அவர்கள் தலையிலேயே வந்து விழுந்திருக்கும். இப்போது கரம்பையை மற்ற இரண்டு ஊரும் ஆசை ஆசையாய் அள்ளிக்கொண்டு போகும். சுவரை வரிசை வரிசையாக இறக்க இறக்க, மணலை ஆறே சுமந்து வந்து போடும். மறுநாள் ஜெபசெல்வி ஒப்பந்தம் எழுதிக் கொண்டுவந்தபோது, பிரமாச்சி அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கரம்பைக்குக் கீழே உள்ள மணலை எந்த ஊர்க்காரரும் ஒரு கூடைகூட அள்ளக்கூடாது, ஆற்றுக்குள் லாரி இறங்கக்கூடாது என்று ஒரு வரி சேர்க்க வைத்தாள். உலகநாதனையும் மாசானத்தையும் முதலில் கையெழுத்துப் போடச் சொன்னாள். அந்த மை காய்ந்த பிறகு, தன் பெருவிரலை உருட்டினாள்.