மடைப்பலகையும் ரிவால்வரும்

பூவலூர் ஜமீன்தார் தன் தோப்புக்குத் தண்ணீர் வேண்டுமென்று ஊர் வயலுக்குப் பாயும் கண்மாய் மடையைப் பலகை போட்டு அடைத்துவிட்டார். "பலகையைத் தொட்டவனைச் சுட்டுருவேன்" என்று தாத்தா காலத்து ரிவால்வரைக் காட்டினார். ஊர்ப் பயிர் கருகியது. யாரும் கிட்டப் போகவில்லை.

ஒருநாள் ரிவால்வருக்குள் ஸ்பிரிங் ஒடிந்துபோனது. வேலைக்காரன் சின்னமாயனைத் தனியாகக் கூப்பிட்டார். "மதுரைக்குப் போயி இதுக்குப் பொருந்துற ஸ்பிரிங் வாங்கிட்டு வா. துப்பாக்கியைத் தர மாட்டேன். ஒடிஞ்ச சேதியை வெளிய விட்டே, தோலை உரிச்சிருவேன்."

சின்னமாயன் மதுரையில் கடை கடையாக ஏறி இறங்கினான். "துப்பாக்கியைப் பாக்காம எப்படிப்பா பொருத்தம் சொல்றது?" என்று எல்லாரும் கைவிரித்தார்கள்.

வெறுங்கையோடு திரும்பியவன், நேரே மடைக்குப் போய்ப் பலகையைத் தூக்க ஆரம்பித்தான். ஊரே கரையில் கூடிவிட்டது. ஜமீன்தார் ரிவால்வரை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"போன காரியம் என்னடா ஆச்சு?"

"எந்தக் காரியம்ங்க எசமான்?" பலகையை விடாமல் கேட்டான் சின்னமாயன்.

"இந்தத் துப்பாக்கிக்கு ஸ்பிரிங் வாங்கத்தானேடா அனுப்புனேன்!"

அதைக் கேட்டதும் கரையிலிருந்து நாலு பேர் இறங்கிவந்து பலகைக்குக் கை கொடுத்தார்கள். தண்ணீர் பாய்ந்தது.

"ஸ்பிரிங் கிடைக்கலைங்க எசமான்" என்றான் சின்னமாயன். "ஆனா ஒடிஞ்ச சேதியை நான் ஊருல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலைங்க."